ஆபீஸ் லேப்டாப்பில் அண்ணன் ஜாதகம்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில், “ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் சொந்த வேலை பார்க்காதீர்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களால்தான் இந்த இதழின் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலில் கிண்டியிலும், பிறகு பழைய மகாபலிபுரம் சாலையிலுமாக 27 ஆண்டுகள் அலுவலகங்களின் கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் இருந்தவள் நான். கண்காணிக்கப்படும் பக்கம் அல்ல, கண்காணிக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவள்.

எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் “பெயர் வேண்டாம்” என்றிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பெயர், பதவி, ஊழியர் எண் எல்லாம் போட்டு, ஆபீஸ் மெயிலிலிருந்தே அனுப்பியிருக்கிறார். அவருடைய கேள்வியை வெளியிடவில்லை. காரணம் அவருக்கு இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்போது புரியும்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லை. அண்ணனுக்குப் பெண் பார்க்கிறோம். வரன் தளத்தில் பதிவு, ஜாதகப் பொருத்தம், வீட்டுக் கடனுக்காக ஸ்கேன் செய்த பத்திரம், வாட்ஸ்அப் எல்லாமே ஆபீஸ் லேப்டாப்பில்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்ப்பவள் சொல்கிறாள். எங்கள் வீட்டு ஜாதகத்தை மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா?
— பெயர் வேண்டாம், பெருங்குடி

உங்கள் மேனேஜருக்கு அண்ணனின் செவ்வாய் தோஷத்தில் அக்கறை இருக்காது. ஆனால் அந்த ஜாதகம் கம்பெனியின் கைவசம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இருக்கிறது.

ஸ்கேன் செய்ததை எங்கே சேமித்தீர்கள்? டெஸ்க்டாப்பில், இல்லாவிட்டால் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில். ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு வசதியைப் பயன்படுத்தும் பல அலுவலகங்களில் அந்த இரண்டும் தாமாகவே கம்பெனியின் சேமிப்பகத்துக்கு நகலாகும்படி அமைத்திருப்பார்கள். லேப்டாப் பழுதானால் வேலை வீணாகக் கூடாதே என்று செய்த நல்ல ஏற்பாடுதான். அது எது வேலை, எது ஜாதகம் என்று பார்ப்பதில்லை. நீங்கள் அழித்த பிறகும் அங்கே குப்பைத்தொட்டியில் 93 நாள் கிடக்கும். கம்பெனி தனியாகப் பாதுகாப்புக் காலம் வைத்திருந்தால் அதற்கும் மேலே.

அடுத்து இணையதளங்கள். சாதாரணமாக நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும், உள்ளே என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. தபால்காரருக்கு உறையின் மேலுள்ள விலாசம் தெரிவதுபோல. ஆனால் கம்பெனி தன் லேப்டாப்பில் தன்னுடைய டிஜிட்டல் சான்றிதழ் (ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசரை நம்பவைக்கும் அடையாளச் சீட்டு) ஒன்றைப் பதித்து வைத்திருந்தால், உறையை வழியில் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பலாம். இதை நீங்களே சோதிக்கலாம். ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறு குறியை அழுத்துங்கள். “இணைப்பு பாதுகாப்பானது” என்ற வரிக்குள் போனால் சான்றிதழ் வரும். அதில் “வழங்கியவர்” என்ற இடத்தைப் பாருங்கள். அதே தளத்தை உங்கள் சொந்த போனிலும் திறந்து ஒப்பிடுங்கள். லேப்டாப்பில் மட்டும் உங்கள் கம்பெனியின் பெயரோ, ஏதாவது பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், உறை பிரிக்கப்படுகிறது. வங்கித் தளத்தில் சோதிக்காதீர்கள். வங்கி, மருத்துவமனைத் தளங்களை மட்டும் பிரிக்காமல் விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள்.

திரையைப் படம் எடுக்கும் மென்பொருளும் உண்டு. எல்லாக் கம்பெனியிலும் இல்லை. மணிக்கணக்குப் பார்த்து வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் வேலைகளில் அதிகம் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் வழியெல்லாம் பூட்டிக்கொண்டு வந்தாலும் உங்கள் திரையில் திறந்துதானே ஆக வேண்டும்? திரையையே படம் எடுப்பவருக்கு அந்தப் பூட்டு ஒரு பொருட்டே அல்ல.

இனி நான் உள்ளே இருந்து பார்த்தது. யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 3,000 பேர் வேலை செய்த இடத்தில் எங்கள் பிரிவில் இருந்தது பதினோரு பேர். பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வரும் அழைப்புகளுக்கே பொழுது போதாது. பதிவுகள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருக்கும். “இன்னாருடைய மூன்று மாதப் பதிவை எடுத்துத் தாருங்கள்” என்று மனிதவளப் பிரிவிலிருந்து கடிதம் வந்தால்தான் திறப்போம். அப்படி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அந்த ஆளை அனுப்புவதென்று முடிவு செய்த பிறகு வந்தவை. முடிவு முதலில், காரணம் பிறகு. ஆண்டு முழுவதும் யாரும் கண்டுகொள்ளாத வரன் தளம் அன்றைக்குத்தான் காரணமாகும்.

இப்போது செய்ய வேண்டியது. பதறிப்போய் பென்டிரைவைச் செருகி எல்லாவற்றையும் நகல் எடுக்காதீர்கள். அதற்குத்தான் முதலில் எச்சரிக்கை மணி அடிக்கும். ஜாதகமும் பத்திரமும் வீட்டு பீரோவில்தானே இருக்கின்றன? போனிலேயே மறுபடி ஸ்கேன் செய்துகொண்டு, லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து “இணைக்கப்பட்ட சாதனங்கள்” பகுதியில் லேப்டாப்பை வெளியேற்றுங்கள். பிறகு முக்கியமான ஒன்று, யாரும் கவனிக்காதது: ஆபீஸ் குரோமில் உங்கள் சொந்த கூகுள் கணக்கை வைத்து ஒத்திசைவை (சிங்க்) போட்டிருந்தால், வீட்டில் சேமித்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். வங்கி உட்பட. அந்தக் கணக்கை நீக்குங்கள், முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வரன் தேடப் போனே போதும். பெண் வீட்டாரும் போனில்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: மறைநிலை (இன்காக்னிடோ) சாளரத்தில் பார்த்தால் ஆபீஸுக்குத் தெரியாதுதானே?
— வேளச்சேரி வாசகர்

தெரியும். குரோமில் அந்தக் கறுப்புச் சாளரத்தைத் திறந்ததும் வரும் அறிவிப்பிலேயே, உங்கள் நிறுவனத்துக்கும் பள்ளிக்கும் தெரியலாம் என்று எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அது மறைப்பது அதே கம்ப்யூட்டரை அடுத்து உட்கார்ந்து திறப்பவரிடமிருந்து மட்டும்.

கேள்வி: ஆபீஸ் மெயிலைச் சொந்த போனில் பார்ப்பதற்கு ஒரு செயலி போடச் சொல்கிறார்கள். போடும்போது “உங்கள் நிறுவனம் நிர்வகிக்கும்” என்று ஏதோ வருகிறது. எங்கள் குழுவில் எல்லோரும் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் மறுத்தால் தனியாகத் தெரிவேன்.
— 26 வயது, போரூர்

தம்பி, எல்லா அறிவிப்பும் ஒன்றல்ல. எது வந்தால் பயப்பட வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறேன்.

2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் வொர்க் புரொஃபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஓர் அறையை மட்டும் கம்பெனிக்கு விட்டதுபோல. அந்த அறைக்குள் இருக்கும் செயலிகளின் மேல் சிறிய கைப்பெட்டிப் படம் தெரியும். சாவி அவர்களிடம் இருப்பது அந்த அறைக்கு மட்டும். உங்கள் புகைப்படங்கள், வாட்ஸ்அப், எந்தத் தளம் பார்க்கிறீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்த அறையைக் காலி செய்துகொண்டு போவார்கள், வீடு அப்படியே இருக்கும். மாலையில் அந்தப் பகுதியை நிறுத்திவைக்கவும் முடியும். இது தாராளமாகச் சம்மதிக்கக்கூடியது.

“போனை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்” என்று சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள். அது வீட்டையே எழுதிக் கேட்பது. ஐபோன் என்றால் அமைப்புகளில் “பொது” என்பதற்குள், வி.பி.என். மற்றும் சாதன நிர்வாகம் என்ற பகுதியில் என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்கலாம். அமைப்புகளின் உச்சியிலேயே “இந்த ஐபோன் மேற்பார்வையில் உள்ளது” என்று ஒரு வரி இருந்தால், அது கம்பெனி போன். பேரம் பேச ஒன்றுமில்லை.

பழைய முறை ஒன்று இருந்தது, இன்றும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெயில் கணக்கைச் சேர்க்கும்போது அனுமதிப் பட்டியல் வரும். அதில் “எல்லாத் தரவையும் அழித்தல்” என்று ஒரு வரி. யாரும் படிக்காமல் சம்மதம் கொடுத்துவிடுவார்கள். 2012-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலையை விட்டவர்கள் பட்டியல் என்னிடம் வந்தது. ஆறு பெயர்கள். பெயருக்கு நேரே ஒரு பட்டன், அழுத்தினால் “நிச்சயமா?” என்று ஒரு கேள்வி, மறுபடி ஓர் அழுத்து. ஆறு பேருக்கும் முடித்துவிட்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினேன். திங்கட்கிழமை அவர்களில் ஒருவர் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தார். போன் அவருடைய சொந்தப் பணத்தில் வாங்கியது. முந்தைய வாரம் வடபழனி கோயிலில் மகளுக்குக் காது குத்தியிருக்கிறார்கள், படமெல்லாம் அதில்தான். அவர் சத்தம் போடவில்லை. “அதை மட்டும் எப்படியாவது திருப்பி எடுத்துத் தர முடியுமா மேடம்” என்று இரண்டு தரம் கேட்டார். முடியாது. விதிப்படி நான் செய்தது சரிதான், கையெழுத்து வாங்கிய படிவமும் இருந்தது. படிவத்தை அவரிடம் காட்டச் சொன்னார்கள், நான் காட்டவில்லை.

எனவே உங்கள் ஐ.டி. பிரிவிடம் நேராகக் கேளுங்கள்: “வொர்க் புரொஃபைலாக மட்டும் போட்டுத் தருவீர்களா?” இது அவர்கள் தினமும் செய்கிற வேலை, கேட்டதற்காக யாரும் முறைக்க மாட்டார்கள். முடியாது என்றால் ரிச்சி தெருவில் ஒரு பழைய போன் வாங்கி ஆபீஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தும் இடத்தில் எப்போதும் ரயிலுக்கு அவசரப்படும் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களைப் பார்த்த இடத்தைக் காட்ட ஒரு செயலி போட்டிருக்கிறார்கள், என் சொந்த போனில். போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குச் செங்கல்பட்டு போயிருந்தேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் “செங்கல்பட்டில் என்ன வேலை?” என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்.
— அயனாவரம் வாசகர்

சிரித்துக்கொண்டே கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், நல்லதாயிற்று. அதையே எழுத்தில் கேளுங்கள்: இடப் பதிவு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, விடுமுறை நாளில் உண்டா, யார் பார்க்கிறார்கள். சண்டை வேண்டாம், இரண்டு வரி மெயில் போதும்.

போனில் அந்தச் செயலியின் இட அனுமதி “எப்போதும்” என்று இருக்கும். “செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்” என்று மாற்றிவையுங்கள். செயலி அடம்பிடித்தால் கம்பெனியிடம் தனி போன் கேளுங்கள். அது வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அலமாரியில் வைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போங்கள். பொய்யான இடம் காட்டும் செயலிகள் இருக்கின்றன என்று நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். போலி இடம் என்பதைக் கண்டுபிடிக்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது எதற்குக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

உங்களைப்போல் ஒரு பெண் கலிஃபோர்னியாவில் இருந்தார். 24 மணி நேரமும் பின்தொடர்ந்த செயலியை அழித்ததற்காக வேலை போனது என்று 2015-இல் வழக்கே போட்டார். கடைசியில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள்.

கேள்வி: ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். மகன் கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பேசுகிறான். நான் பனியனோடு குறுக்கே போகிறேன், மனைவி சமையலறையிலிருந்து நிலத் தகராறு பற்றிச் சத்தமாகப் பேசுகிறாள். இதெல்லாம் அவன் கம்பெனிக்குப் போகிறதா?
— வில்லிவாக்கம் வாசகர்

ஐயா, பனியனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு இந்த ஊரில் பாதி அப்பாக்களின் பனியனை அமெரிக்காக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். நான் கவலைப்படுவது நிலத் தகராறைப் பற்றி. மீட்டிங்குகளைப் பதிவு செய்வதும், பேசியதைத் தானாகவே எழுத்தாக்கி வைப்பதும் இப்போது சர்வ சாதாரணம். மைக் திறந்திருக்கும்போது அம்மா சொன்ன சர்வே எண்ணும் அந்த எழுத்துக்குள் போய்விடும். தமிழில் சொன்னால் இயந்திரம் கண்டபடி எழுதிவைக்கும், அது ஒரு பாதுகாப்பு.

கண்காணிப்பு மென்பொருள் சில, இடையிடையே கேமராவில் படம் எடுக்கக்கூடியவை. மகனை நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் சுவர் வரட்டும். மீட்டிங் இல்லாத நேரத்தில் கேமராவின் மேல் சிறு துண்டுக் காகிதம் ஒட்டலாம். தடிமனான பிளாஸ்டிக் மூடி வேண்டாம். மூடியோடு மடக்கினால் திரை உடையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் லேப்டாப்களுக்கு எச்சரித்திருக்கிறது.

கேள்வி: பதினோரு ஆண்டாகக் கம்பெனி தன் பெயரில் வாங்கிக் கொடுத்த சி.யு.ஜி. (ஊழியர் குழு இணைப்பு) சிம்தான் என் ஒரே நம்பர். ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாம் அதில். இன்னும் இருபது நாளில் வேலையை விடுகிறேன். சிம்மைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
— கோடம்பாக்கம் வாசகர்

இன்று வந்த கடிதங்களில் உண்மையான அவசரம் இது ஒன்றுதான். லேப்டாப்பைப் பார்க்கிறார்கள், மெயிலைப் படிக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்கள்கூட, தங்கள் பணத்தின் சாவியே கம்பெனி பெயரில் இருப்பதை நினைப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நம்பரையே உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா? ஆட்சேபணை இல்லை என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் செல்போன் நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. பதினோரு ஆண்டு உழைத்தவர் கேட்டால் பல இடங்களில் மறுப்பதில்லை. ஆனால் விற்பனைப் பிரிவு என்றால் மறுப்பார்கள், வாடிக்கையாளர்கள் அந்த நம்பரில்தான் கூப்பிடுவார்கள் என்பதால்.

மறுத்தால், நாளையே உங்கள் பெயரில் புது சிம் வாங்குங்கள். பழைய சிம் கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். ஆதாரில் தொடங்குங்கள், அடையாள அட்டையோடு ஆதார் சேவை மையத்துக்கோ, அந்த வசதியுள்ள தபால் நிலையத்துக்கோ நேரில் போய்விடுங்கள். ஆதாரில் புது நம்பர் ஏறியதும் மற்ற பல கதவுகள் அந்த ஓ.டி.பி.யால் திறக்கும். அடுத்தது வங்கி. பிறகு பி.எஃப்., வருமான வரிக் கணக்கு, காஸ் பதிவு, மியூச்சுவல் ஃபண்டு. வாட்ஸ்அப்பில் “எண்ணை மாற்று” என்று இருக்கிறது, அதைச் செய்தால் உரையாடல்கள் அப்படியே புது நம்பருக்கு வரும். இந்தக் கணக்குகளில் ஆபீஸ் மெயில் முகவரி கொடுத்திருந்தால் அதையும் கையோடு மாற்றுங்கள். கடைசி நாள் மாலை மெயில் மூடப்பட்டால் “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” என்ற பட்டனுக்கு வரும் பதிலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு தேதியை மட்டும் மனதில் வையுங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அதற்கு முன்பே உங்களுக்குப் பதிலாக வரும் ஊழியர் கையில் அதே சிம் போகலாம். உங்கள் வங்கிச் செய்திகள் அவருக்கு வரும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், உங்கள் சம்பளம் அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

கேள்வி: அம்பத்தூரில் சிறு பட்டறை. அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர், மொத்தம் 14 பேர். ஊழியர்களுக்குத் தெரியாமல் கண்காணிக்கும் மென்பொருள் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். போடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?
— ஒரு முதலாளி

கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கேட்காமல் போட்டவர்கள் நிறையப் பேர். பில் போடும் பெண் நேற்று எத்தனை பில் போட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் மென்பொருள் வேண்டாம். தெரியாவிட்டால் அவர் எத்தனை நிமிடம் மவுஸை அசைத்தார் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

சட்டத்துக்கு வருகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல். ஆனால் அது முதன்மையாக அரசை நோக்கிய தீர்ப்பு. தனியார் முதலாளிக்கு நேரடியாகப் பொருந்துவது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவு வேலை தொடர்பான தேவைகளுக்கும், வணிக ரகசியம் வெளியே போகாமல் காப்பதற்கும், ஊழியரின் தனிச் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறதே என்று மகிழாதீர்கள். தட்டச்சு செய்வதையெல்லாம் பதியும் மென்பொருளைப் போட்டால், மதிய இடைவேளையில் கணக்காளர் தன் வங்கி பாஸ்வேர்டை அடித்ததும் உங்கள் கம்ப்யூட்டரில் வந்து விழும். அது அங்கிருந்து திருடுபோனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தரவைக் காக்கத் தவறினால் அந்தச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். உங்கள் பட்டறைக்கு அவ்வளவு வராது, ஆனால் வந்தவர் உங்களிடம் சொல்லாத விஷயம் அது. ஊழியரின் சொந்த போனில் தெரியாமல் எதையாவது ஏற்றினால் கதையே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 43-ஆம் பிரிவில் மாட்டுவீர்கள்.

ருமேனியாவில் பார்புலெஸ்கு என்பவர் வேலை பார்த்த கம்பெனி, வாடிக்கையாளரிடம் பேசுவதற்காக அவரை யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கச் சொன்னது. அவர் அதில் தம் சகோதரரிடமும், மணக்கப்போகும் பெண்ணிடமும் பேசியிருக்கிறார். பேசியதை 45 பக்கத்துக்கு அச்செடுத்து 2007-இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். பத்தாண்டு கழித்து, 2017 செப்டம்பரில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொந்த வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனி சொல்லித்தான் இருந்தது. எந்த அளவுக்குக் கண்காணிப்போம், பேசியதையே படிப்போம் என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கேதான் சறுக்கியது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் உங்களுக்கு வழி காட்டும். ஒரு பக்கக் காகிதத்தில் எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள் என்று தமிழில் எழுதி, 14 பேரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள். “தெரியாமல்” போட்டுத் தருகிறேன் என்றவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமலும் அவர் ஏதாவது போட்டுவிடுவார்.

கேள்வி: ஐந்து நிமிடம் தொடாவிட்டால் ஆபீஸ் உரையாடலுக்கான டீம்ஸ் செயலியில் “வெளியே” என்று காட்டுகிறது. மவுஸைத் தானாக அசைக்கும் கருவி வாங்கலாமா?
— சிறுசேரி வாசகர்

வேண்டாம். விசைப்பலகையில் வேலை செய்வதுபோல் பாவனை காட்டினார்கள் என்று 2024-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி பன்னிரண்டு பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. தேநீர் குடிக்கப் போனால் “வெளியே” என்று காட்டட்டும். வெளியேதானே போயிருக்கிறீர்கள்?

கேள்வி: இத்தனை சொல்கிறீர்களே, நீங்கள் யாருடைய மெயிலையாவது படித்திருக்கிறீர்களா?
— குரோம்பேட்டை வாசகி

படித்திருக்கிறேன். உங்கள் ஊர்தான் எனக்கும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2008-இல் ஒரு விலைப்புள்ளி போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சந்தேகம். கொள்முதல் பிரிவில் இருந்த ஒருவரின் மெயில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஓராண்டு மெயில்களைப் பார்த்தேன். விலைப்புள்ளி பற்றி ஒன்றுமில்லை. அவர் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட மெயில்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. மாத மளிகைப் பட்டியல், மகளின் பிளஸ் டூ மதிப்பெண், தம்பியிடம் வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, ரத்தப் பரிசோதனை அறிக்கை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர், இடம் தேடி இங்கே வைத்திருக்கிறார். அறிக்கையைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இணைப்புகளையும் பார்க்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. பார்த்தேன். சர்க்கரை 280.

“தொடர்புடையது எதுவும் இல்லை” என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தேன். அவர்மேல் சந்தேகம் வந்ததே அவருக்குத் தெரியாது.

அந்தத் தீபாவளிக்கு அவர் எங்கள் பிரிவுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன். அவரும் பெரிய துண்டாக ஒன்றை எடுத்தார். “உங்களுக்கு வேண்டாமே” என்று வாய்வரை வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? மைசூர்பாகு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் இன்னொன்றையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.